இடது கடைவாயில் ஒரு கட்டி

பல் பிடுங்குவது அனுமதி பெற்ற அடிதடி. வெளியே பல் வைத்தியம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளே நடப்பது வேறு. ஒருவர் கதிரையின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அவருடைய தாடையை ஒரு கையால் அமத்திப் பிடித்து, மறு கையால் பல்லில் குறடு போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவார். எலும்பு விட்டுக்கொடுக்கும் சத்தம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். எண்பதுகளின் நடுவில் வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அந்த இரண்டாவது ஆளாக இருந்தேன்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெண்பிள்ளைக்கு இப்படி ஒரு கைப்பலம் எங்கிருந்து வந்தது என்று சனம் வியக்கும். முகத்துக்கு நேரே டொக்டர் என்பார்கள், அந்தப் பக்கம் போனதும் குறடு என்பார்கள். என் வாயும் குறடுதான். பிந்தி வருகிறவர்கள், புகையிலையை அடக்கிக்கொண்டே கதிரையில் ஏறுகிறவர்கள், பல் வலிக்குப் பற்றறிக் கரியை வைத்து அடைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வெளியே ஆளை ஆள் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. வலியை எடுப்பதற்காக வலி கொடுக்கிற வேலை எனக்கு வாய்த்ததை நான் அதிர்ஷ்டம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த மனிதர் முதல்முறை வந்தபோது முகத்தின் இடது பக்கம் மட்டும் வேறொருவருடையது போல இருந்தது. வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். கூடவே மனைவி. அவரால் வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. அதனால் கதை முழுவதையும் அவளே சொன்னாள்.

“பல்லு ஆடுச்சுங்க டொக்டரம்மா. டவுன்ல பல்லுக் கட்டுறவரு புடுங்கிவிட்டாரு. அப்புறம் பக்கத்துப் பல்லும் ஆடுச்சு, அதையும் புடுங்கினாரு. அதுக்கப்புறம் அதுக்கும் பக்கத்துல. இப்ப புடுங்கின குழியில இருந்து சதை மொளைக்குதுங்க.”

பேச்சிலேயே அவர்கள் மலைநாட்டுச் சனம் என்பது தெரிந்தது. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயன் அறையை எரித்துத் துரத்தியபோது, கட்டிய துணியோடு லொறியேறி வன்னிக்கு வந்தவர்கள். புளியங்குளத்துக்கு உள்ளே காடு வெட்டி, உழுந்தும் குரக்கனும் போட்டுப் பிழைத்தார்கள். இரண்டு பேருக்கும் அடையாள அட்டை கிடையாது. பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாதவர்களுக்கு அட்டையை யார் கொடுக்கப்போகிறார்கள்? என்னோடு நின்ற சிற்றூழியர் யாழ்ப்பாணத்துக்காரர். “தோட்டக்காட்டுச் சனம் டொக்டர், வெத்திலைதான் அதுகளுக்குச் சாப்பாடு” என்று என் காதருகில் சொன்னார். வெளியே போய் நில்லுங்கோ என்றேன். அன்று முழுவதும் அவரை உள்ளே விடவில்லை.

விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தேன். கீழ்த் தாடையின் இடது பக்கம், பல் இருந்த இடமெல்லாம் சிவந்த சதை பிதுங்கி, கன்னத்தின் உட்பக்கம்வரை ஏறியிருந்தது. விரலால் அமத்தினேன். வெற்றிலைப் புற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஓரம் தடித்து, நடுவில் புண்ணாகி, தொட்டால் கல்லாக இருக்கும். இது அப்படியில்லை. சைக்கிள் டியூப்பை மடித்து அமத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மிஞ்சியிருந்த பற்கள் சதைக்குள் மிதந்தன. கீழ் உதட்டின் பாதியில் ஊசியால் குத்தினேன், அவருக்குத் தெரியவேயில்லை. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது எலும்பு உள்ளுக்குள் அரிபட்டிருந்தது.

பிடுங்கிய பற்களை அவள் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். ஒரு சொத்தைகூட இல்லாத நல்ல பற்கள். அவற்றைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லுக் கட்டுகிறவர் அந்த நேரத்தில் என் முன்னால் இருந்திருந்தால் அவருடைய பல்லையும் கழற்றியிருப்பேன்.

மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சத்திரசிகிச்சை வைத்தியர் அவரைப் பார்த்துவிட்டு, “வெத்திலைப் புற்று. தாடையில பாதியை எடுக்கவேணும், அனுப்பிவிடும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் வாய்க்குள் கட்டி என்றால் அநேகமாக அதுதான். அந்த மனிதரும் வெற்றிலை போடுகிறவர்தான்.

எனக்குள் ஓடியது வேறு ஒரு பெயர். லிம்போமா. உடம்பில் நெறி கட்டுகிற இடங்களில், கழுத்திலும் அக்குளிலும் கவட்டிலும், கிளம்புகிற புற்று. எப்போதாவது, மிக அரிதாக, அது வாய்க்குள் தலைகாட்டும். படிக்கிற காலத்தில் ஒரேயொரு கண்ணாடித் தட்டில் அதைப் பார்த்ததுதான் என் அனுபவம். இரண்டும் புற்றுத்தான். ஆனால் வெற்றிலைப் புற்றென்றால் தாடையை வெட்டி எடுக்காமல் வேறு வழியில்லை. லிம்போமா என்றால் வெட்டிப் பயனில்லை, ஊசி மருந்துக்கு அது கரைந்துபோகக்கூடும். பிழையாகச் சொன்னால் இந்த மனிதர் சும்மா அரைத் தாடையை இழப்பார், பிறகு உயிரையும் இழப்பார். எது என்று அறிய, கட்டியில் ஒரு துண்டு வெட்டித் தெற்கே சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் நேரம் அதிகம் இல்லை. அடுத்த முறை வந்தபோதே கட்டி பெரிதாகியிருந்தது.

முதல் துண்டை வெட்டி அனுப்பினேன். தெற்கே அந்த வேலை பார்த்தவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிங்களத் தோழி. திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோய் சொல்வது அவள் தொழில். அவளிடமிருந்து வந்த பதில் எனக்கு உதவவில்லை. துண்டு சிறிது, மேல்பகுதி முழுக்கச் சீழ், உள்ளே இருக்கிற உயிரணுக்கள் எல்லாம் நசுங்கிக் கோடு கோடாகக் கிடக்கின்றன, ஒன்றும் சொல்ல முடியாது, ஆழத்திலிருந்து பெரிதாக ஒன்று வேண்டும் என்றாள். அந்தக் கட்டியின் சுபாவம் அது. இடுக்கி பட்டாலே உள்ளே எல்லாம் நசுங்கிவிடும்.

மறுபடி வெட்ட வேண்டும் என்று சொன்னதும் மனைவி எழுந்து கதிரைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“எங்க அக்காவுக்கும் இப்படித்தாங்க. தோட்டத்து ஆஸ்பத்திரில கொஞ்சூண்டு வெட்டிப் பாக்குறோம்னாங்க. கத்தி பட்டதும் கிளறிக்கிச்சு. அப்புறம் அவ ரொம்ப நாள் தாங்கல. நீங்க ஒருக்கா வெட்டினீங்க, அதுக்கப்புறம் பாருங்க எவ்வளவு வீங்கியிருக்குன்னு. இனி நான் விடமாட்டேன்.”

“கத்தி பட்டு வளரேல்ல. அது தானா வளருது. வெட்டாட்டிலும் வளரும்.”

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க.”

நான் சத்தம் போட்டேன். அவள் என்னைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டாள். வரிசையில் நின்ற சனம் யன்னலால் எட்டிப் பார்த்தது. கடைசியில் அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அன்றைக்கு மிச்சமிருந்த பற்களை நான் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் பிடுங்கியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புளியங்குளத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு அவர்களுடைய கொட்டிலுக்குப் போனேன். நோயாளியைத் தேடிப் போகிற வைத்தியர் இல்லை நான். என்றாலும் அந்தக் கட்டி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அவர் மரக்குற்றியில் உட்கார்ந்து, வாயின் வலது ஓரத்தால் கஞ்சியைச் சரித்து ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி உள்ளே போனது, பாதி மார்பில் வடிந்தது. கன்னத்தில் ஏதோ பச்சிலை அரைத்துப் பூசியிருந்தார்கள். அவள் என்னைக் கண்டதும் குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

அவளுடைய முதுகைப் பார்த்துத்தான் நான் பேச வேண்டியிருந்தது. “இஞ்ச பாருங்கோ தங்கச்சி. நான் துண்டு வெட்டாட்டி மற்ற டொக்டர் தாடையை வெட்டுவார். ரெண்டு பேரும் வெட்டாட்டி இது தொண்டையை அடைச்சுப்போடும். மருந்துக்கு மாறுற, சுகமாகிற வருத்தமா இருக்கலாம் எண்டுதான் நான் அலையுறன். எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ.”

பதில் சொன்னது அவர். அதுவரை அவருடைய குரலை நான் கேட்டதேயில்லை.

“வலிச்சாப் பரவால்லைங்க. எனக்குச் சோறு திங்கணும்.”

அவ்வளவுதான் சொன்னார். அவள் அடுப்பை விட்டுவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். “நீங்களேதான் வெட்டுவீங்களா?” என்றாள். “என்ர கையாலதான்” என்றேன். “அப்ப நாளைக்கு வர்றோம்ங்க” என்றாள்.

மறுநாள் காலை கருவிகளை அவித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து வீதித் தடைகளில் ஆமிக்காரர் பையைத் திறப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொன்னார்கள். இயக்கத்துப் பொடியள் பிடிபட்டால் கடிப்பதற்கு நஞ்சுக் குப்பி வைத்திருப்பார்கள். அதனால் கழுத்துக் கயிற்றைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு வாய்க்குள் டோர்ச் அடிப்பார்கள். என்னிடம் வருகிற ஆட்களில் பலர் அங்கே ஒருமுறை வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் இங்கே வந்து திறந்தார்கள். அதைச் சொல்லி நாங்கள் சிரித்ததும் உண்டு.

ஓமந்தை தாண்டி, டவுனுக்குள் நுழைகிற தடையில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை இறக்கியிருக்கிறார்கள். நடந்ததை மனைவிதான் பிறகு எனக்குச் சொன்னாள். இவருடைய முறை வந்தது. கன்னம் புடைத்திருக்கிறது. அட்டை கேட்டார்கள், இல்லை. வாயைத் திற என்றார்கள், இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. எதையோ வாய்க்குள் அடக்கிக்கொண்டு திறக்க மறுக்கிறான் என்று சிப்பாய் நினைத்திருக்கிறான். துவக்குப் பிடியால் அந்த வீக்கத்தின் மேலேயே ஒரு அடி. அவர் விழுந்ததும் ஒருவன் நெஞ்சில் முழங்காலை வைத்துக்கொள்ள, மற்றவன் பல்லிடுக்கில் எதையோ கொடுத்து நெம்பி, விரலை உள்ளே விட்டு, கையில் அகப்பட்டதைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் பஸ் படியில் நின்று, தோட்டத்தில் கற்ற சிங்களத்தில், நோய், நோய் என்று கத்தியிருக்கிறாள். இழுத்தது வந்தது. அது குப்பி இல்லை, சதை. அவன் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் காற்சட்டையில் துடைத்தானாம். பிறகு அவர்களே ஒரு உழவு இயந்திரத்தை மறித்து இவர்களை ஏற்றிவிட்டார்களாம்.

கதவு திறந்தபோது நான் முதலில் கண்டது அவளைத்தான். மேல்சட்டை முழுக்க இரத்தம். அவளுக்குத்தான் அடி என்று நினைத்தேன். அவருக்குக் கடைவாய் ஓரத்திலிருந்து உட்கன்னம் நீளத்துக்குக் கிழிந்து, கட்டியின் பெரும்பகுதி அடியோடு பெயர்ந்து, ஒரு தசை நாரில் தொங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் இரத்தம் குமிழியிட்டது. இரண்டு சிற்றூழியர்கள் பிடித்துக்கொள்ள, நான் துணியை அடுக்கி அடுக்கி அமத்தினேன். அன்றைக்கு வெளியே நிற்கவைத்தேனே, அதே யாழ்ப்பாணத்துக்காரர்தான் அவருடைய தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். இரத்தம் கொஞ்சம் அடங்கியதும் தொங்கிய சதையை அடியில் வெட்டி எடுத்தேன். இடுக்கியால் தொடவில்லை. உள்ளங்கையில் ஏந்தி அப்படியே, சதை கெடாமல் காக்கிற ஃபோர்மலின் போத்தலுக்குள் வழுக்கிவிட்டேன். பிறகு கன்னத்தை உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காகத் தைத்தேன்.

அந்தப் போத்தலை மூடும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆழத்திலிருந்து, பெரிதாக, நசுங்காமல். தோழி கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அதே நேரத்தில், துவக்கும் கத்தியும் வைத்திருக்கிற அத்தனை பேரையும் வரிசையாக என் கதிரையில் ஏற்றி, வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு ஊசி இல்லாமல் பல்லைப் பிடுங்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போத்தலை யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டு கிளம்பினேன். வவுனியாவுக்குத் தெற்கே உள்ள தடையில் என் கைப்பையைக் கொட்டினார்கள். ஒரு இளம் சிப்பாய் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். உள்ளே இறைச்சி, மேலே தண்ணீர் போல ஏதோ ஒன்று. திரவம் எதைக் கண்டாலும் குடித்துக் காட்டச் சொல்வது அவர்கள் வழக்கம்.

“குடி” என்றான்.

இது நஞ்சு, குடிக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னேன். நஞ்சு என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாது. கன்னத்தில் அறைந்தான். காது கூவியது. வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் அடித்ததில்லை, அப்பாகூட. எனக்குப் பயம் வரவில்லை, கண்மண் தெரியாத ஆத்திரம்தான் வந்தது. மூடியைத் திறந்து போத்தலை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். ஃபோர்மலின் ஏறியதும் அவன் இருமி, கண்ணில் நீர் வடிய, இரண்டடி பின்னால் போனான். அடுத்தவன் துவக்கை உயர்த்தினான். அந்த நேரம் ஒரு அதிகாரி வந்தார். இது ஒரு நோயாளியின் கட்டி, நான் வைத்தியர், இதைக் கிழித்தது உங்கள் ஆட்கள்தான், நான் வெட்ட இருந்ததை அவர்கள் இழுத்தெடுத்தார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே மூடியைத் தேடியெடுத்து இறுக்கி என்னிடம் தந்து, போங்கள் என்றார்.

தோழி சாயம் ஏற்றிய தட்டை முதலில் தான் பார்க்காமல் என்னைப் பார்க்கச் சொன்னாள். என் கன்னத்தில் இருந்த விரல் அடையாளத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நுண்ணோக்கியில் குனிந்தேன். வெற்றிலைப் புற்றின் உயிரணுக்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கூட்டம் கூட்டமாக இருக்கும். இங்கே அப்படி ஒரு கூட்டமும் இல்லை. கொட்டி வைத்த உழுந்து போல, வட்ட வட்டமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், தட்டு முழுக்கப் பரந்து கிடந்தன. அவளும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “லிம்போமாதான். தாடையில் கை வைக்கவேண்டாம் என்று சொல்” என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளும் அழுதாள், என் கன்னத்துக்காக என்று நினைக்கிறேன்.

நோயாளியை அங்கே கூட்டிவரச் சொன்னாள். வாய் கிழிந்த, அட்டை இல்லாத ஒரு தமிழனை அத்தனை தடைகளையும் தாண்டி எப்படிக் கூட்டிவருவது? வழியிலேயே முடிந்துவிடும் என்றேன். அவள் ஒரு புற்றுநோய் வைத்தியரிடம் என்னைக் கூட்டிப்போய், மருந்தின் அளவையெல்லாம் கேட்டு வாங்கித் தந்தாள். மாத்திரை ஒன்று, ஊசி மருந்து இரண்டு. ஒரு ஊசி மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில்தான் கொண்டுபோக வேண்டும். அது நரம்புக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் சதை அழுகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியின் பொது வைத்தியர் ஃபிளாஸ்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“உமக்கென்ன விசரே? இதெல்லாம் இஞ்ச குடுக்கிற மருந்தே?”

“அப்ப எங்க குடுக்கிறது? சொல்லுங்கோ, அங்க கொண்டுபோறன்.”

“ஆள் செத்தா?”

“குடுக்காட்டிச் சாவு நிச்சயம். அதையும் நீங்கள்தான் எழுதவேணும்.”

அவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் சட்டைக் கையை மடித்தார். ஊசியை நரம்பில் ஏற்றும்போது அவருடைய நெற்றி வியர்த்து, துளி துளியாக விழுந்தது.

அந்த மருந்தும் அடிதான். அன்று மாலையிலிருந்து அவர் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். தைத்த கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். தலைமயிர் தலையணையில் கொத்தாகக் கிடந்தது. கட்டி கரைகிற வேகத்தில் சிறுநீரகம் அடைத்துவிடும் என்று மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்கவைத்தோம். குடித்ததையும் வாந்தியெடுத்தார். “மனுசனைக் கொல்றீங்க” என்று மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த வாரம் முடிவதற்குள் வீக்கம் இறங்கத் தொடங்கியது. உப்புக்கட்டியில் தண்ணீர் ஊற்றியது போல அது போனது. கன்னத்தில் சுருக்கம் விழுந்தது. ஒருநாள் காலை வார்ட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பலும் இருந்தது. தையல் ஆறாத வாயில் மிளகாய்ச் சம்பலா என்று நான் ஏசிய ஏச்சு அடுத்த வார்ட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் மென்றுகொண்டே சிரித்தார். மொட்டைத் தலையும் ஒரு பக்கம் கோணிய வாயுமாக அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஐஸ் ஃபிளாஸ்க் அதற்குப் பிறகும் பல தடவைகள் வந்தது. சில தடவை நான் போனேன், சில தடவை தோழி அனுப்பினாள். வீதி மூடப்பட்டு ஒரு ஊசி பிந்தியபோது நான் எல்லோரையும் கடித்துக் குதறினேன். ஒவ்வொரு முறை வரும்போதும் கதிரையில் இருத்தி, அந்த ஈறின் மேல் விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி ஓட்டிப் பார்ப்பேன். எலும்பு, அதன் மேல் மெல்லிய ஈறு, வேறு ஒன்றும் இல்லை. கழுத்தையும் தடவிப் பார்ப்பேன், ஒன்றும் இல்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“போயிருச்சுங்களா?”

“இப்ப இல்லை. ஆனா முழுக்க மாறீட்டுது எண்டு இன்னும் சொல்லமாட்டன். நாள் போகட்டும், நானே சொல்லுவன்.”

இந்த நோய் திரும்பி வருகிற நோய் என்று தோழி எச்சரித்திருந்தாள். பொய்யாக ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்க எனக்கு மனமில்லை. அவளும் ஒவ்வொரு முறையும் கேட்பாள், நானும் ஒவ்வொரு முறையும் அதையே சொல்வேன்.

மயிர் முளைக்கத் தொடங்கியதும் அவர் வேலைக்குப் போனார். இன்னும் கொஞ்ச நாள் படுத்திரு என்று அவள் சண்டை பிடித்தாளாம். இத்தனை நாள் படுத்துத் தின்றது போதும் என்று அவர் வீதியோரத்துக் காட்டில் விறகு வெட்டப் போனார். கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது பாட்டு வேறு என்று அவள் என்னிடம் முறையிட்டாள். முறைப்பாடு மாதிரியே தெரியவில்லை.

பிறகு ஒருநாள் ஓமந்தைக்கு அப்பால் வீதியில் கண்ணிவெடி வெடித்தது. ஆமி வாகனம் ஒன்று சிதறியது. அதற்குப் பிறகு நடக்கப்போவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வீதியோரத்தில் கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் பிடித்தார்கள். தோட்டத்தில் நின்றவன், சைக்கிளில் போனவன், விறகு வெட்டியவன், எல்லோரையும். மறுநாள் டயர் போட்டு எரித்த உடல்களை ஒரு ட்ரெக்டர் பெட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிணவறைக்கு வெளியே பெண்கள் கூடிவிட்டார்கள். முகம் எதுவும் மிஞ்சவில்லை. நெருப்பில் கடைசியாகப் போவது பல், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கதவருகில் அவளைக் கண்டேன். நிற்காமல் உள்ளே போய்விட்டேன்.

வெளியே எரிந்தாலும் வாய்க்குள் நெருப்பு அவ்வளவாகப் போவதில்லை. நாக்கு வீங்கி அடைத்துக்கொள்ளும். மூன்றாவது உடலின் தாடை இறுகியிருந்தது. அதை நெம்பித் திறந்தேன். கீழே இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் இல்லை. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். உட்கன்னத்தில் ஒரு நீண்ட தழும்பு. அடுக்கடுக்காக நான் போட்ட தையல், நடுவில் ஒரு இடத்தில் அவசரத்தில் கொஞ்சம் கோணலாகப் போட்டது. என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அந்த இடத்திலேயே நான் வெளியே வந்திருக்கலாம், கேட்ட வேலை முடிந்துவிட்டது. ஆனால் என் விரல் தானாகப் போய் அந்த ஈறின் மேல் அழுத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. எலும்பு நிரம்பி, மேலே ஈறு மூடி, வழவழவென்று இருந்தது. கழுத்தின் மேல்தோல் கருகியிருந்தது. அதன் அடியிலும் தேடினேன். ஒரு நெறியும் இல்லை. வேண்டுமென்றே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன்.

வெளியே வந்தேன். அவள் அதே இடத்தில் நின்றாள். அழவில்லை.

“அவருதானுங்களா?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கை கழுவ மறந்திருந்தேன்.

“வாய்க்குள்ள பாத்தீங்களா?”

“பாத்தனான்.”

“கட்டி?”

“இல்லை. முழுக்க மாறீட்டுது.”

அவள் இரண்டு கைகளையும் பொத்தி என் நெஞ்சில் குத்தினாள். “அப்ப எதுக்குங்க நோயை மாத்துனீங்க? நோயோட கிடந்திருந்தா வீட்டுல படுத்திருப்பாரே. எதுக்குங்க மாத்துனீங்க?” என்று கேட்டுக் கேட்டுக் குத்தினாள். தோளில், கழுத்தில், அந்தச் சிப்பாய் அடித்த அதே கன்னத்தில். நான் பின்னால் நகரவில்லை. யாழ்ப்பாணத்துச் சிற்றூழியர் ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

“விடுங்கோ” என்றேன். “அவா அடிக்கட்டும்.”